பினாங்கு காற்பந்துக் குழு: ஆள் எடுத்ததில் லாபமா, நஷ்டமா?

ஜார்ஜ்டவுன் – புதிய பருவம் தொடங்கும் முன்பு பினாங்கு காற்பந்து ரசிகர்களிடையே ஒரே பேச்சுதான்: இந்த முறை யார் வருகிறார்கள்? பருவம் முடியும்போது கேள்வி மாறிவிடும்: இவரை எதற்காக எடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நிதானமாகக் கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. எடுத்த ஆட்டக்காரர் லாபமா நஷ்டமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

இங்கே விலை என்பது சம்பளம்தான்

இங்கிலாந்து காற்பந்தில் கணக்கு எளிது. லெஸ்டர் சிட்டி 2014இல் ரியாத் மாரெஸை சுமார் 4 லட்சம் பவுனுக்கு வாங்கியது. 2016இல் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. 2018இல் அவரை 6 கோடி பவுனுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றது. இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டின் டோனி பெர்னாண்டஸ் 2011இல் வாங்கிய குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். பெயர் பெற்றவர்களாகத் தேடித் தேடி எடுத்தார்கள். 2013 ஜனவரியில் கிறிஸ்டோபர் சம்பாவுக்கு மட்டும் 1 கோடியே 25 லட்சம் பவுன் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது. அந்தப் பருவத்திலேயே குழு கடைசி இடம் பிடித்துக் கீழிறங்கியது.

மலேசியாவில் வாங்கிய விலை, விற்ற விலை என்ற கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பணம் எதுவும் கட்டாமல் வேறு குழுவுக்குப் போகலாம் என்ற நிலை, 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறுகியவை. ஒரு பருவத்துக்குக் கையெழுத்திட்டவர் அடுத்த பருவத்தில் வேறு மாநிலத்துக்கு ஆடப் போய்விடுவார். விற்றுச் சம்பாதிக்க எதுவும் மிஞ்சாது. செலவு முழுவதும் சம்பளம், வீட்டு வாடகை, முகவர் கட்டணம் என்றே போகிறது. அதனால் கோல் எண்ணிக்கையோடு, கொடுத்த சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கோல், ஒரு விருது, ஒரு பாடம்

1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியாளர், 2002இல் எப்ஏ கிண்ணம் என்று கொடிகட்டிப் பறந்த பினாங்கு, 2013இல் மூன்றாம் நிலை லீகான எப்ஏஎம் லீகில் ஆடியது. அங்கிருந்து மேலேறி, 2015 பிரீமியர் லீகில் இரண்டாம் இடம் பிடித்து, 2016இல் சூப்பர் லீகுக்குத் திரும்பியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி, சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்கை 4-1 என வென்ற ஆட்டத்தில் முகமட் பாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றிலேயே திசை மாறி வலைக்குள் புகுந்தது. அந்த கோலுக்காக 2017 ஜனவரியில் சூரிக் நகரில் பிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். கெடாவில் பிறந்து, வேறு குழுக்களில் ஆடிவிட்டு பினாங்குக்கு வந்தவர் பாயிஸ். அவரை எடுத்தது லாபம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

குழுவின் கதையோ வேறு. 12 குழுக்கள் ஆடிய 2016 பருவத்தில் பினாங்கு 10ஆம் இடத்தில் தப்பிப் பிழைத்தது. 2017இல் பயிற்றுநர் ஆஷ்லி வெஸ்ட்வுட் பருவத்தின் பாதியிலேயே விலகினார். குழு கடைசி இடத்தோடு கீழிறங்கியது. ஓர் ஆட்டக்காரரின் மின்னல் வேறு, குழு எடுத்த மொத்த ஆட்களின் பயன் வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும்.

மூன்றாம் இடத்திலிருந்து கடைசிக்கு

2020இல் கோவிட் காரணமாகப் பருவம் சுருங்கியது. மன்சூர் அஸ்விரா பயிற்சியில் பினாங்கு பிரீமியர் லீக் வெற்றியாளரானது. அடுத்த ஆண்டு செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் த்ருகா வந்தார். பிரேசில்காரர்கள் கசாகிராண்டே முன்னணியிலும் எண்ட்ரிக் நடுத்திடலிலும் ஆடினார்கள். சூப்பர் லீகில் ஜேடிடி, கெடாவுக்கு அடுத்து மூன்றாம் இடம். மேலேறி வந்த முதல் ஆண்டிலேயே இந்த இடம் என்பது பெரிய சாதனை.

2022இல் அதே குழு கடைசி இடம். லீக் அமைப்பு மாற்றப்பட்டதால்தான் கீழிறங்காமல் தப்பியது. ஆண்டுதோறும் ஆட்களை மாற்றி அடுக்கும் முறையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நல்லவர் போனால் அந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து ஆள் தயாராக இருப்பதில்லை. 2021 வெற்றியை மட்டும் பார்த்தாலும் 2022 தோல்வியை மட்டும் பார்த்தாலும் கணக்கு தப்பாகிவிடும்.

சம்பளப் பாக்கி என்ற நோய்

ஆள் எடுப்பதில் பெரிய தோல்வி என்பது கோல் அடிக்காத முன்னணி ஆட்டக்காரர் அல்ல. சம்பளம் கொடுக்க முடியாத ஒப்பந்தம். பிஃபா விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், ஆட்டக்காரர் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அதன் பிறகும் இழப்பீடு கேட்கலாம். பாக்கி வைத்த குழு புதிய ஆட்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடையும் வரலாம்.

தூரத்தில் தேட வேண்டாம், கெடாவைப் பாருங்கள். 2021இல் பினாங்குக்கு ஒரு படி மேலே இரண்டாம் இடத்தில் முடித்த குழு அது. சம்பளப் பாக்கிச் சிக்கலில் மாட்டி, 2025/26 சூப்பர் லீகில் ஆட உரிமம் கிடைக்காமல் போனது. அன்று அந்தக் குழு எடுத்த ஆட்கள் லாபமா, நஷ்டமா?

மிச்சம் என்ன?

மொரோக்கோவிலிருந்து ஆட வந்த மெர்ஸாகுவா அப்துல் ரசாக், ஆடி முடித்த பின்பு பினாங்கில் பயிற்றுநராகவும் பணியாற்றினார். எண்ட்ரிக் பின்னாளில் மலேசியக் குடியுரிமை பெற்று தேசியக் குழுவுக்கு ஆடினார். ஒப்பந்தத்தைத் தாண்டியும் பயன் தருபவர்கள் உண்டு என்பதற்கு இவர்கள் சாட்சி.

இளையவர்களை வளர்ப்பதிலும் வருமானம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்திலேயே வெளிநாட்டுக் குழுவுக்கு விலைபோனால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது பிஃபா விதி. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று 40,000 பேர் அமரும் மாநில அரங்கம் நிற்கிறது. செபராங் பிறை பிள்ளைகளில் எத்தனை பேர் பினாங்கு முதல் குழுவை எட்டுகிறார்கள் என்பதும் ஆள் எடுக்கும் கணக்கில் சேர வேண்டிய வரிதான்.

அடுத்த முறை புதிய பெயர் அறிவிக்கப்படும்போது ரசிகர்கள் நான்கு கேள்விகள் கேட்கலாம். இவர் எத்தனை நிமிடங்கள் ஆடினார்? இவர் வந்த பிறகு குழு எத்தனை புள்ளிகள் எடுத்தது? பருவம் முடியும் வரை எல்லோருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்ததா? இவர் போனால் அந்த இடத்தில் ஆட உள்ளூர்ப் பையன் ஒருவன் தயாரா? நான்காவதற்கு "ஆம்" என்ற பதில் வரும் ஆண்டில், ஒருவர் போவதால் குழு மூன்றாம் இடத்திலிருந்து கடைசிக்குச் சரியாது.