கள்ளிப்பழ விதையும் சிறார் குடலடைப்பும்

சிறார் குடலடைப்புக்குக் குடற்செருகல், குடலிறக்கம் முதலியன வழக்கமான காரணங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலச் சிறார் அறிந்த சப்பாத்திக்கள்ளிப் பழம் அரிய காரணமொன்றாக அமையக்கூடும். 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொணரப்பட்ட கொச்சினீல் பூச்சி இக்கள்ளியைப் பெருமளவு அழித்தது. எனினும் வேலியோரங்களில் அது எஞ்சியுள்ளது.

இதன் கெட்டி விதைகள் செரிப்பதில்லை. மிகுதியாக விழுங்கினால் அவை மலக்குடலில் திரண்டு இறுகுகின்றன. பழநார்க்கட்டி பெரும்பாலும் சிறுகுடலின் இறுதியில் சிக்கும். விதைக்கட்டியோ ஆசனவாயை அடுத்தே தங்குவதால் விரற்சோதனையிலேயே புலப்படும். மயக்கமளித்துக் கையால் அகற்றுவது பெரும்பாலும் போதுமானது.

இடர்ப்பாடு நோயறிதலில்தான் உள்ளது. காட்டில் தின்றதைச் சிறுவர் வீட்டில் எளிதில் சொல்வதில்லை. வயிற்றுவலியை மலச்சிக்கலெனக் கருதி விளக்கெண்ணெய் புகட்டுவர். அடைப்பு முழுமையாக இருப்பின் அது வலியையும் வாந்தியையும் மிகுவிக்கும். வயிறு உப்பிப் பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு உடனடி அறுவை மருத்துவ மதிப்பீடு தேவை.