திரை எழாத லினக்ஸ் கணினி: பழுது தேடும் முறை

பழைய கணினியில் டெபியனை வெறும் அடிப்படையோடு நிறுவி, அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான டெஸ்க்டாப்பை ஏற்றுவது வழக்கம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்தத் திரை, உண்மையில் தனித்தனி மென்பொருள்களின் அடுக்கு. அடியில் கெர்னலும் கிராஃபிக்ஸ் ட்ரைவரும் இருக்கின்றன. அவற்றின் மேல் திரையில் வரைய வழிசெய்யும் எக்ஸ்ஓர்க், அதற்கும் மேலே கடவுச்சொல் கேட்கும் லைட்டிஎம், கடைசியாகச் சாளரங்களையும் பட்டையையும் வரையும் எக்ஸ்எஃப்சிஇ. எந்த அடுக்கு நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பழுது தீர்ந்தது. தெரியாதவர்கள் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். கோப்புகளும் போகின்றன, காரணமும் தெரியாமலே போகிறது.

இலங்கையின் கல்குடா, வாழைச்சேனை போன்ற கரையோர ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தையும் உப்புக்காற்றையும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கணினி வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அதன் கோப்பு முறைமை குழம்பலாம். அப்போது திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு கணினி நின்றுவிடும். அங்கேயே ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை வன்தட்டுப் பகுதியின் பெயரோடு கொடுத்தால் பெரும்பாலும் சீராகும். இயக்கியதும் பீப் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாகவே கிடந்தால் லினக்ஸில் பிழை தேடக்கூடாது. ராம் நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களில் உப்புக்காற்றால் படிந்த களிம்பை அழிறப்பரால் துடைத்து மாட்ட வேண்டும்.

கெர்னல் வந்து டெஸ்க்டாப் மட்டும் வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை கிடைக்கும். தமிழ் மொழியமைப்பில் இயங்கும் கணினியில் இங்கே ஒரு தடை உண்டு. லினக்ஸின் எழுத்துத் திரை 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது, கொம்பையும் காலையும் சேர்த்து எழுதவும் அதற்குத் தெரியாது. எனவே பிழைச் செய்திகள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் விழும். ‘எல்சி_ஆல்’ என்ற மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பைக் கொடுத்தால் அதே செய்திகள் ஆங்கிலத்தில் வரும். இந்தச் சிறு விடயம் தெரியாததால், இயந்திரமே கெட்டுவிட்டது என்று நம்புவோர் உண்டு.

அடுத்து, வன்தட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை. கடவுச்சொல் சரியாக இருந்தும் லைட்டிஎம் திரும்பத் திரும்ப அதையே கேட்டால், முதல் சந்தேகம் நிரம்பிய வன்தட்டின் மேல்தான் விழ வேண்டும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழமையாக 5 வீத இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. அதனால் ரூட் உள்ளே போக முடியும், சாதாரணப் பயனரோ ஒரு சிறு கோப்பைக்கூட எழுத முடியாமல் வெளியே தள்ளப்படுவார். ‘ஆப்ட் க்ளீன்’ கொடுத்தால் தேங்கிய பொதிக் கோப்புகள் நீங்கி இடம் கிடைக்கும். இடம் இருந்தும் அதே தொல்லை என்றால், வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும். எப்போதோ சூடோ போட்டு டெஸ்க்டாப்பை இயக்கியிருந்தால் அது ரூட்டின் உடைமையாகியிருக்கும். அதை நீக்கினால் அடுத்த நுழைவில் புதிது தானாகவே உருவாகும்.

கெர்னல் வந்த பிறகும் நீடிக்கும் கறுப்புத் திரைக்குக் காரணத்தை எக்ஸ்ஓர்க்கின் பதிவேடே சொல்லும். அதில் அடைப்புக்குறிக்குள் ‘ஈஈ’ என்ற குறியுள்ள வரிகள்தான் பிழைகள், மற்றவற்றை விட்டுவிடலாம். ஏஎம்டி ரேடியான் அட்டைகளுக்கு ஃபேர்ம்வேர் கோப்பு வேண்டும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல்தான் அது அதிகாரபூர்வ நிறுவியோடு சேர்ந்து வருகிறது, முந்தைய பதிப்புகளில் தனியாகப் போட வேண்டும்.

பட்டையோ சின்னங்களோ மட்டும் காணாமற்போனால், புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கிப் பார்ப்பதே விரைவான சோதனை. புதியவருக்கு எல்லாம் சரியென்றால் குற்றம் பழையவரின் அமைப்புக் கோப்புகளில். எக்ஸ்எஃப்சிஇ அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் நுழைந்தால் போதும்.

சில குறைகள் பழுதே அல்ல, நிறுவாமல் விட்டவை. பரிந்துரைப் பொதிகளைத் தவிர்த்து நிறுவிய கணினியில் பென்ட்ரைவ் செருகினால் சின்னம் தோன்றாது. ‘ஜிவிஎஃப்எஸ்’ பொதி இல்லாததே காரணம். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவ வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸும் எம்17என் பொதியும் தேவை. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகியவர்கள் உண்டு. அதன் வழிவந்த அமைப்பே எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரத்திலும் உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் கணினியைத் திருத்திவிட்டதாகச் சொல்வது பாதி வேலை.

இத்தனைக்குப் பிறகும் கணினி இடையிடையே உறைந்தால் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொண்டு வன்தட்டைச் சோதிக்க வேண்டும். இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் எந்த மென்பொருளும் அதைக் காப்பாற்றாது. கோப்புகளை உடனே வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு, புதிய வன்தட்டு வாங்குங்கள்.