பாவடியும் களமும் பிள்ளைகளுக்கு ஆகட்டும்

நெசவாளிக்குக் கண்ணே முதல். அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதும், சாயத்தின் பேதத்தை அறிவதும் கண்ணாலன்றோ? பயிரில் தோன்றும் நோயைக் காலத்தில் கண்டுகொள்ளும் உழவருக்கும் அஃதே முதல். பிறருக்கு ஈடுவைக்க இயலாத இம்முதலை நம் பிள்ளைகளிடத்தில் நாமே கரைத்து வருகிறோம்.

தந்தை தறிக்குழியில் இருக்கிறார். தாய் தார் சுற்றுகிறார். அழும் குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்தால் வேலை தடைப்படுவதில்லை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபொழுது பாடத்திற்கென வந்த கைபேசி, பள்ளிகள் திறந்த பின்னரும் பல இல்லங்களில் பிள்ளைகளின் கையை விட்டு அகலவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று, கொடுத்தவர் நாம்.

சீன நாட்டின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2015-இல் வெளியாயிற்று. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டனர். மூன்றாண்டு கழிந்தபின், ஏனைய பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றியிருக்க, இப்பள்ளிகளில் அது 30 அளவில் நின்றது. பகலொளி கண்கோளம் மிகுதியாக நீளாமல் காக்கிறதென மருத்துவர் கருதுகின்றனர். 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் திரைமுன் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் அமரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் தினமும் சராசரி 60 நிமிடமாவது உடல் வருந்த ஓடியாட வேண்டும் என்பது 2020-இல் அது கூறியது.

கைபேசியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? பிள்ளை எங்கே போவான்? சேலம், ஈரோடு பகுதி நெசவாளர் ஊர்களில் பாவடி உண்டு. பாவு நீட்டிக் கஞ்சியிடும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மாலையில் அவ்விடம் வெறுமையே. அறுவடைக் காலம் நீங்கலாக நெற்களமும் அப்படியே. கிளித்தட்டுக்கும் சடுகுடுவுக்கும் பாண்டிக்கும் இதனினும் நல்ல இடம் வேண்டுமோ? அவ்விடங்களில் குப்பையும் வண்டியும் சேராமல் காப்பது நம் கடமை.

“வேலையை விட்டு யார் பார்த்துக்கொள்வது?” என்று அங்கத்தினர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் ஒருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து முடிப்பதற்கன்றோ சங்கம் கண்டோம்? பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், மாலை 5 முதல் 6 வரை மேற்பார்க்கும் முறை ஒரு வீட்டுக்குப் பத்து நாட்களுக்கு ஒருமுறையே வரும். அவ்வேளையில் பெரியவர் கைபேசியும் உறையில் இருக்கட்டும். பெண் குழந்தைகளையும் தவறாமல் அழைத்துவர வேண்டும்.

இதற்கு மானியமும் வேண்டா; கடனும் வேண்டா. அடுத்த பொதுக்குழுவில் இதனையும் ஒரு பொருளாக எடுத்து ஆவன செய்யுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.