தாமரையின்மேல் சிலுவை

அருங்காட்சியகங்களைப் பார்வையிடுவது குருமாரின் பணியைச் சேர்ந்ததா என்று இறையியல் மாணவர் வினவுவதுண்டு. அதிலும் சீனத் தொல்பொருள்கள் நிறைந்த பல்கலைக்கழகக் கூடம் ஒன்றைக் கண்டு வருமாறு நாம் கூறினால், ஜாடிகளையும் கிண்ணங்களையும் பார்ப்பதால் அருளுரைக்கு என்ன பயன் என்றே அவர்கள் எண்ணுவர். ஆயினும் திருச்சபை வரலாற்றின் கடினமான வினா ஒன்று அத்தகைய கூடங்களில் கண்ணால் காணத்தக்க வடிவில் கிடக்கிறது. நற்செய்தி ஒரு மக்களின் கலைவடிவத்தை ஏற்குமானால் அம்மண்ணில் வேரூன்றுமா, அன்றிக் கரைந்து மறையுமா என்பதே அவ்வினா.

ஜவ்வாது மலையடிவாரத்தில் போளூரைச் சுற்றி ஊழியம் செய்யும் நமக்குச் சீனம் எட்டாத நாடாகத் தோன்றலாம். ஆனால் போளூருக்கு அண்மையிலுள்ள திருமலைச் சமணக் குன்றின் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கங்கை வரை விரித்துரைக்கும் கல்வெட்டு உள்ளது. அந்தச் சோழர் மரபினரே 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசின் அவைக்குத் தூதர்களை அனுப்பினர். சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசுகள் தஞ்சை வட்டாரத்திலும், சீனப் பீங்கான் ஓடுகள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெரியபட்டினத்திலும் கிடைத்துள்ளன.

இனி ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தை நோக்குவோம். 1953ஆம் ஆண்டு ஃபங் பிங் ஷான் அருங்காட்சியகம் என்னும் பெயருடன் இது தொடங்கப்பெற்றது. பீங்கான், வெண்கலம், ஓவியம் என வழக்கமான சீனக் கலைச்செல்வங்கள் இங்கும் உள்ளன. அவற்றைப்பற்றிக் கூறக் கலை வல்லுநர் பலர் உளர். நம் கருத்தைக் கவர்வன சின்னஞ்சிறு வெண்கலச் சிலுவைகள். ஏறத்தாழ ஆயிரம் எண்ணிக்கையுள்ள இவற்றைச் சீனாவில் அஞ்சல்துறையில் பணியாற்றிய நிக்சன் என்னும் ஆங்கிலேயர் திரட்டினார். 1961இல் இவை பல்கலைக்கழகத்தை அடைந்தன. மஞ்சள் ஆற்றின் பெரு வளைவில் அமைந்த ஆர்டோஸ் பகுதியில் கிடைத்த இவை, மங்கோலியர் சீனத்தை ஆண்ட யுவான் காலத்தவை எனக் கொள்ளப்படுகின்றன.

உள்ளங்கையில் அடங்கும் இச்சிலுவைகளின் பின்புறத்தில் கட்டித் தொங்கவிடுவதற்கான வளையம் உண்டு. முகப்பில் உள்ள பள்ளமும் மேடுமான கோலங்களைக் கண்டு, இவை முத்திரைகளாகவும் பயன்பட்டிருக்கலாம் என்பர். சிலவற்றின் நடுவே சுவஸ்திகம் இருக்கிறது. சில பறவை உருவிலேயே வார்க்கப்பட்டுள்ளன. இவையனைத்தும் கிறிஸ்தவச் சின்னங்களே என ஒப்பாத அறிஞரும் உளர். அவ்வையம் நியாயமானதே. எனினும் அவ்வட்டாரத்தில் வாழ்ந்த ஓங்குத் என்னும் துருக்கிய இனத்தாரிடையே கிறிஸ்தவம் பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை.

அவர்கள் கிழக்குத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். தேர்வுத் தாள்களில் நம் மாணவர் ‘நெஸ்தோரியர்’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடும் சபை இதுவே. அப்பெயரை அச்சபையார் விரும்பி ஏற்றதில்லை. 635இல் அலோபேன் என்னும் துறவி தாங் பேரரசின் தலைநகரை அடைந்ததையும், அரசு அவரை வரவேற்றதையும் 781இல் நாட்டப்பெற்ற சியான் நகரக் கல் சீன மொழியில் விவரிக்கிறது. அக்கல்லின் உச்சியில் மேகங்களுக்கு நடுவே தாமரை மலரின்மேல் சிலுவை எழுந்து நிற்கிறது. 845இல் பேரரசன் ஊட்சாங் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது இச்சபையும் ஒடுக்கப்பட்டது. மங்கோலியர் காலத்தில் மீண்டும் தழைத்து, 1368இல் அவர்களுடைய ஆட்சி வீழ்ந்தபின் மறைந்தது.

இவ்வரலாற்றைக் கூறி, ‘தாமரையை ஏற்றார்கள், ஆகவே அழிந்தார்கள்’ என முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. ஆலயத்தில் குத்துவிளக்கு ஏற்றுவதைப் பற்றிய விவாதங்களில் இக்கூற்றை நாமே செவியுற்றிருக்கிறோம். இம்முடிவை வேறொரு கல்லோடு ஒப்பிட்டுச் சோதித்தல் தகும்.

தென்சீனத் துறைமுகமாகிய சுவன்சௌவில் 1956இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பின்னர் அது சியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1281ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், மங்கோலியப் பேரரசராகிய கானின் உடல்நலத்திற்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கானீச்சுரம் என்னும் சிவாலயத்தில் இறைவனை எழுந்தருளச் செய்ததை அது கூறுகிறது. தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்துகளும் உண்டு. தாமரையின்மேல் சிலுவை செதுக்கிய கிறிஸ்தவக் கல்லறைக் கற்களும் இதே நகரில் கிடைத்துள்ளன. கடல் கடந்தும் தம் மொழியை விடாத தமிழ் வணிகரின் சிவாலயமும் இன்று அங்கில்லை. சீனக் கோலம் பூண்ட கிறிஸ்தவரின் சபையும் தொடரவில்லை. இருசாராரின் கற்களும் உடைபட்டுச் சிதறின.

ஆகவே தாமரையைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. இருசாராருக்கும் பொதுவாக இருந்தவை கானின் தயவும் கடல் வாணிபமுமே. யுவான் காலச் சபையார் பெரும்பாலும் துருக்கியரும் பிற அயலினத்தாரும் ஆவர்; சீனக் குடியானவர் அச்சபையில் பெருகியதாகத் தெரியவில்லை. சிலுவையைச் சீனக் கைவினைஞன் செதுக்கினான்; ஆனால் அவன் அச்சபையின் உறுப்பினனாக இருந்தானா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஜவ்வாது மலையிலுள்ள மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றியும் இதே கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய மேளத்தை ஆராதனையில் சேர்ப்பதா என்பதைப்பற்றி நீண்டநேரம் விவாதிக்கிறோம். அவர்களுள் ஒருவர் சபையின் தீர்மானங்களை எடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறாரா என்பதற்கு அந்த நேரத்தில் பாதியையும் ஒதுக்குவதில்லை.

ஹாங்காங் செல்லும் வாய்ப்பில்லாத மாணவர் முதலில் சென்னைப் பரங்கிமலைக்குச் செல்லட்டும். 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை அங்குள்ள ஆலயத்தின் பலிபீடத்தில் பதிக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றிலும் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் ஓடுகின்றன. மேலே புறா இறங்குகிறது. சிலுவையின் அடியிலிருந்து இதழ்கள் இருபுறமும் விரிகின்றன. சியான் நகரக் கல்லின் படம் ஒன்றைக் கையில் கொண்டு சென்று, இரண்டையும் அங்கேயே ஒப்புநோக்குதல் நன்று.