ஐந்து ஷில்லிங்கும் ஓர் உயிரும்

திருடனைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. அது இயல்பே. ஆனால் கோபத்தில் நாம் விதிக்கும் தண்டனை நீதியான தண்டனைதானா? இந்தக் கேள்வி என் மனத்தில் எழக் காரணமாயிருந்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

சென்ற விடுமுறையின்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில், ஒரு கடை வாசலில் கிடந்த ரப்பர்ச் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிய சிறுவன் ஒருவனைப் பிடித்து, விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. "கையை வெட்டினால்தான் இவர்களுக்குப் புத்தி வரும்" என்றார் ஒருவர். கூட்டத்தில் நின்ற நானும் ஆமென்று தலையாட்டினேன். வீட்டிற்கு வந்து பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை காலில் செருப்பு இருந்துதா கண்ணு?" நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பள்ளி திறந்ததும் எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் இதைக் கூறினேன். அவர்கள் புன்னகைத்து, "சர் சாமுவேல் ராமிலியைப் பற்றிப் படித்துவிட்டு வா, பிறகு பேசலாம்" என்றார்கள். படித்ததை என் தோழியரும் அறிய வேண்டும் என்ற ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் தூக்கு

ராமிலி 1757-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். சமயக் காரணங்களால் பிரான்சை விட்டு வந்து இங்கிலாந்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. தந்தை நகை வணிகர். ராமிலி பெரும்பாலும் தம் சொந்த முயற்சியால் கற்று, சிறந்த வழக்கறிஞராக உயர்ந்தார். 1806-ல் அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரல் பதவியையும், பாராளுமன்ற உறுப்பினர் பதவியையும் பெற்றார்.

அந்நாளில் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200-க்கும் மேற்பட்டிருந்தன. கொலைக்கு மட்டுமா தூக்கு? ஆடு திருடினால் தூக்கு. பிறர் பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் களவாடினால் தூக்கு. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை யாரும் அறியாமல் எடுத்தால் தூக்கு. வீட்டிற்குள் நாற்பது ஷில்லிங் திருடினாலும் தூக்கு. இருபது ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு என்றால், ஐந்து ஷில்லிங் என்பது கால் பவுண்டுதான். கால் பவுண்டுக்கு ஓர் உயிர்! படைவீரனோ மாலுமியோ அனுமதிச் சீட்டு இல்லாமல் பிச்சையெடுத்தால் அவனுக்கும் மரண தண்டனை என்று எலிசபெத் அரசியார் காலத்துச் சட்டம் ஒன்று கூறிற்று.

இவ்வளவு கடுமையான சட்டங்கள் இருந்ததால் திருட்டு ஒழிந்ததா? இல்லை. ஏன் ஒழியவில்லை என்பதைத்தான் ராமிலி தம் நாட்டாருக்கு விளக்கினார்.

பொருளைப் பறிகொடுத்தவர், "ஒரு துணிக்காக ஓர் ஆளைத் தூக்கில் போடுவதா?" என்று அஞ்சி வழக்குத் தொடராமலே இருந்துவிடுவார். தொடர்ந்தாலும் ஜூரிகளுக்கு மனம் வராது. நாற்பது ஷில்லிங் என்றால் தூக்கு அல்லவா? ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த பொருளாயிருந்தாலும் அதன் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங் என்று தீர்ப்புச் சொல்வார்கள்! பின்னாளில், 1827-ல், அந்த வரம்பு ஐந்து பவுண்டாக உயர்த்தப்பட்டபோது, ஜூரிகள் நான்கு பவுண்டு பத்தொன்பது ஷில்லிங் என்று சொல்லத் தொடங்கினார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. நல்லவர்களைப் பொய் சொல்ல வைக்கும் சட்டம் நல்ல சட்டமாகுமா?

தப்பிக்க வழி உண்டு என்று திருடனுக்குத் தெரியும். எனவே அவன் அஞ்சுவதில்லை. தண்டனை கடுமையாக இருப்பதைவிட உறுதியாக இருப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்பது ராமிலியின் கொள்கை.

தோல்விமேல் தோல்வி

1808-ல் ராமிலி தம் முதல் வெற்றியைப் பெற்றார். பிறர் பையில் திருடுவோருக்கு மரண தண்டனை என்ற பழைய சட்டம் நீக்கப்பட்டது. அடுத்து 1810-ல், கடையில் ஐந்து ஷில்லிங் திருடியவரைத் தூக்கிலிடும் சட்டத்தை நீக்க மசோதா கொண்டுவந்தார். மக்கள் பிரதிநிதிகளின் காமன்ஸ் சபை அதை ஏற்றது. பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, இதற்கு இணங்கினால் எவருடைய உடைமைக்கும் பாதுகாப்பு இராது என்று வாதிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் எழுவர்கூட அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்கள். இரக்கத்தைப் போதிப்பவர்களே இப்படிச் செய்தார்களே என்று நான் மிகவும் வருந்தினேன்.

ராமிலி சோர்ந்துவிடவில்லை. 1818 வரை அதே மசோதாவை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். காமன்ஸ் சபை ஏற்பதும் பிரபுக்கள் சபை தள்ளுவதுமாகவே இருந்தது.

இடையே 1811-ல் ஒரு வியப்பான நிகழ்ச்சி நடந்தது. துணி வெளுக்கும் மைதானங்களின் சொந்தக்காரர்கள், தங்கள் மைதானத்தில் துணி திருடுவோருக்கு விதிக்கப்பட்டிருந்த மரண தண்டனையை நீக்குமாறு தாங்களே பாராளுமன்றத்திற்கு விண்ணப்பித்தார்கள். தூக்கு என்பதால் யாரும் திருடரைக் குற்றவாளி என்று சொல்வதில்லை, திருடர் தப்பிவிடுகின்றனர் என்பது அவர்கள் குறை. பொருளை இழந்தவர்களே தண்டனையைக் குறைக்கக் கேட்டார்கள் என்றால், ராமிலியின் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவ்வாண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. 1812-ல் பிச்சையெடுத்த படைவீரரைக் கொல்லும் சட்டமும் ஒழிந்தது.

1818-ல், வீடுவீடாகச் சென்று ஓட்டுக் கேட்காமலே, வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் மற்ற எல்லோரையும்விட அதிக வாக்குகள் பெற்றார். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவருடைய அன்பு மனைவி இறந்தார். அத்துயரைத் தாங்க இயலாமல் நவம்பர் 2-ஆம் நாள் ராமிலியும் தம் உயிரை நீத்தார். ஐந்து ஷில்லிங் சட்டம் அப்போதும் அப்படியே இருந்தது.

சிறைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

தூக்கிலிருந்து காப்பாற்றினால் மட்டும் போதுமா? அம்மனிதரைத் திருத்த வேண்டாமா? ராமிலி மறைந்த அதே 1818-ல் பாராளுமன்றத்திற்குள் நுழைந்தவர் தாமஸ் பக்ஸ்டன். அவருடைய மனைவியின் சகோதரிதான் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரை அம்மையார். லண்டன் நியூகேட் சிறையில் பெண்களும் குழந்தைகளும் ஏறக்குறைய முந்நூறு பேர் நெருக்கியடித்துக் கிடந்ததைக் கண்டு மனமுருகிய அம்மையார், 1817-ல் அங்கே குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார். கடிகாரம் திருடியதற்காகச் சிறைப்பட்டிருந்த ஒரு பெண்ணே ஆசிரியையானாள்! பெண் கைதிகள் தையலும் பின்னலும் கற்றனர். சிறைக்குள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை அம்மையார் வாசிக்க, கைதிகளே கைதூக்கி ஏற்றுக்கொண்டார்கள்.

இவற்றை நேரில் கண்ட பக்ஸ்டன், சிறைகளைப் பற்றி 1818-ல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு தவறு செய்த பிள்ளையைப் பழகிய திருடரோடு அடைத்தால், அவன் தேர்ந்த திருடனாகத்தானே வெளியே வருவான் என்பது அதன் சாரம். 1823-ல் வந்த சிறைச் சட்டம், பெண் கைதிகளைப் பெண் காவலரே கண்காணிக்க வேண்டும், கைதிகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்றது.

ராமிலி விதைத்ததும் வீணாகவில்லை. 1820-களிலேயே கடைத் திருட்டுக்குத் தூக்கு என்பது ஒழிந்தது. 1832-ல் ஆடு, மாடு, குதிரை திருடுவோரும் தூக்கிலிருந்து தப்பினர். 1861-க்குப் பின் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நான்கே எஞ்சின. கொலைக்கான மரண தண்டனையும் 1965-ல் அங்கே நிறுத்தப்பட்டது.

நம் கடமை

இங்கிலாந்தின் சட்டமுறையை அடியொற்றி வளர்ந்தது நம் நாட்டுச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டவருக்குத் தண்டனை சமூக சேவையே. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை விசாரிப்பதற்கு இளைஞர் நீதிக் குழுமம் தனியே இருக்கிறது. எங்கள் ஊர்ச் சிறுவனைக் கம்பத்தில் கட்ட எவருக்கும் உரிமையில்லை என்பதை நான் அப்போது அறியவில்லை.

தோழியரே! திருட்டு தவறுதான். அதை மன்னித்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று ராமிலி சொல்லவில்லை. தவறுக்கேற்ற தண்டனை வேண்டும், அது தப்பாமல் கிடைக்க வேண்டும் என்றார். பக்ஸ்டனோ, தண்டனைக்குப் பின்னும் அவன் மனிதனாக வாழ வழி வேண்டும் என்றார். சட்டம் இயற்றும் இடத்தில் நம்மில் ஒருத்தி நாளை அமரலாம். அமராவிட்டாலும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கத்தான் போகிறோம். இனி அப்படி நிற்க நேர்ந்தால் நான் தலையாட்டமாட்டேன். கட்டை அவிழ்க்கச் சொல்வேன். முதலில் அவன் காலைப் பார்ப்பேன்.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி