மருந்து ஒன்று, விலை பல!

கருவிழியில் புண் வந்தால், கண் சொட்டு மருந்தை டாக்டர் சொன்னபடி தவறாமல் விடவேண்டும். விலைக்குப் பயந்து பாதியில் நிறுத்தினால் பார்வையே போகலாம்!

ஒரே மருந்துக்கு ஏன் பல விலை?

புதிய மருந்து கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் 20 ஆண்டு தனி உரிமை தருகிறது. இதற்குக் "காப்புரிமை" என்று பெயர். அதுவரை பிறர் அதைத் தயாரிக்க முடியாது. போட்டி இல்லை, விலையும் இறங்காது.

மாக்சிபிளாக்சசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது ஜெர்மனியின் பேயர் கம்பெனி. 2003-ம் ஆண்டு அமெரிக்காவில் அது கண் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது.

இந்தியாவில் 1970-ம் ஆண்டுச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை இல்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு. ஆகவே நம் நாட்டுக் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்தன. 2005-ல் சட்டம் மாறியது. இப்போது புது மருந்துக்கும் காப்புரிமை உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

"இதே மருந்து மலிவாக, ஜெனரிக்கில் கிடைக்குமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். விலை குறைவு என்பதால் மருந்து மட்டம் அல்ல. மருந்தின் பெயரும் சதவீதமும் சீட்டில் உள்ளபடி புட்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டரைக் கேளாமல் மட்டும் வாங்காதீர்கள். கண் விலைக்குக் கிடைக்காது!