சிங்காதனமும் வார்டு நாற்காலியும்

1991 மார்ச்சில் காலிதா ஜியா பிரதம மந்திரியாகப் பதவியேற்ற நாள் தொட்டு, 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா மாணவர் கிளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலாமல் தேசத்தை விட்டு வெளியேறிய நாள் வரையில், இடைக்கால அரசாங்கங்கள் நடந்த காலம் நீங்கலாக, வங்கதேசத்தின் ஆட்சிப் பொறுப்பு இவ்விரு பெண்மணிகளின் கையிலேயே மாறி மாறி இருந்து வந்தது. பெண்கள் ஆளும் தேசம் என்று வியந்தவர்கள் பலர்; அவர்கள் எவ்வழியே வந்தார்கள் என்று விசாரித்தால் அந்த வியப்பு சற்றே குறையும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று விடியற்காலையில், டாக்காவின் தன்மண்டி இல்லத்தில், வங்கதேசத்தை நிறுவிய தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டபோது, மூத்த மகள் ஹசீனாவும் அவருடைய தங்கையும் ஐரோப்பாவில் இருந்தமையால் உயிர் தப்பினார்கள். டில்லியில் அடைக்கலம் புகுந்திருந்த ஹசீனாவை, கோஷ்டிப் பூசலில் தவித்த தந்தையின் கட்சியான அவாமி லீக், 1981 தொடக்கத்தில் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மே 17-ல் அவர் தாயகம் திரும்பினார். பதின்மூன்று நாள் கழித்து, சிட்டகாங்கில் ஜனாதிபதி ஜியாவுர் ரஹ்மான் கொலையுண்டார். அதுவரை குடும்பமே உலகமென்றிருந்த அவர் மனைவி காலிதாவைக் கணவரின் கட்சி தேடி வந்தது. தந்தை பெயரும் கணவர் பெயரும் இல்லாமல் இவர்கள் அந்த ஸ்தானத்தை எட்டியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எனினும், பொம்மையாக வைத்து ஆட்டலாம் என்று கட்சியில் எவரேனும் எண்ணியிருந்தால், அவர்கள் ஏமாந்தே போனார்கள். ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் எர்ஷாத் 1986-ல் நடத்திய தேர்தலில் ஹசீனா கலந்துகொள்ள, காலிதாவோ அதைப் பகிஷ்கரித்து, சமரசத்துக்கு இணங்காத தலைவி என்று பெயர் பெற்றார்; அப்படிப் பிரிந்து நின்ற இருவரும் 1990-ல் ஒரே கோரிக்கைக்காகத் தத்தம் கட்சியினரைத் தெருவில் இறக்க, டிசம்பர் 6-ல் எர்ஷாத் பதவி துறந்தார்.

பாராளுமன்றத்தின் கதை வேறு. 1972-ன் அரசியல் சாசனம் பெண்களுக்கென 15 ஸ்தானங்களை ஒதுக்கிற்று. அது 30, 45 என்று வளர்ந்து 2011-ல் 50 ஆயிற்று. ஆயினும் அவற்றுக்கு வருவோரை வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுத் தொகுதிகளில் ஜெயித்த கட்சிகள் தம் பலத்துக்கேற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. முப்பது ஸ்தானங்கள் இருந்த நாளில் அவற்றை 'முப்பது செட் நகை' என்று பத்திரிகை உலகம் பரிகசித்தது. கொடிய பரிகாசந்தான், ஆனால் நகையைப் பூட்டிக்கொண்டு அழகு பார்த்தவர்கள் கட்சித் தலைவர்கள் அல்லவா? 2014-ல் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சபாநாயகர் மூவருமே பெண்களாக அமர்ந்திருந்த சபையிலும், ஜனங்களிடம் நேரே வோட்டு வாங்கி வந்த பெண்கள் சொற்பமே.

உண்மையான பரீட்சை கிராமத்தில் நடந்தது. யூனியன் பரிஷத் எனப்படும் கிராம உள்ளாட்சி மன்றம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வார்டுகள்; மூன்று வார்டுக்கு ஒருவராக மூன்று பெண்களை ஜனங்களே நேரில் தேர்ந்தெடுக்கும் முறை 1997-ல் அமலுக்கு வர, 12,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே தேர்தலில் உறுப்பினரானார்கள். அப்பன் பெயரால் வந்த பதவியன்று. வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பெற்ற பதவி. ஆனால், மூன்று வார்டு ஜனங்களின் வோட்டைப் பெற்ற அந்த அம்மாளுக்கு, அதே வார்டுகளில் ஆளுக்கொன்றை வைத்திருக்கும் மூன்று பொது உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கும் வேலை எது? ரஸ்தா போடுவதா, நிவாரண அரிசிக்குப் பெயர் எழுதுவதா? இந்த வழக்கு நகரங்களிலும் எழுந்தது. ஒதுக்கீட்டு ஸ்தானத்துப் பெண்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவு, சான்றிதழ் முதலிய காரியங்களில் உரிமை இல்லை என்பதாக 2002-ல் ஒரு சர்க்கார் சுற்றறிக்கை பிறக்க, குல்னா மாநகராட்சியின் பெண் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றப் படியேறி, அது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அந்தச் சுற்றறிக்கை வெளியான காலத்தில் பிரதம மந்திரியாக இருந்தவர் காலிதா ஜியா.